அச்சமற்ற இரவுக்கு என்ன விலை?



 

நாம் விலை தெரிந்தவர்கள். வெங்காயம் மூட்டை இன்று என்ன விலை, அடுத்த கப்பலில் வந்தால் என்ன விலை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம். ஆனால் ஒரு சரக்கு இருக்கின்றது. அதற்கு விலை சொல்லச் சொன்னால் நம்மில் பலர் விழிப்போம். இரவு பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அஞ்சடியில் நடக்கின்றோம். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வருகின்றது. அதைத் திரும்பிப் பாராமல் நடக்க முடிகின்ற மனநிம்மதி இருக்கின்றதே, அதுதான் அந்தச் சரக்கு. அதற்கு எவ்வளவு கொடுப்போம்?

இது மார்க்கத்துக்குப் புறம்பான கேள்வி என்று எண்ண வேண்டாம். இப்ராஹீம் (அலை) அவர்கள் புல் பூண்டு முளைக்காத மக்கத்துப் பள்ளத்தாக்கில் நின்று துஆச் செய்தார்கள். அந்தத் துஆவைத் திருமறையின் பகரா அத்தியாயத்தில் காண்கின்றோம். அங்கே அவர்கள் முதலில் கேட்டது உணவையன்று. அந்த ஊர் அச்சமற்ற ஊராக வேண்டும் என்பதைத்தான் முதலில் கேட்டார்கள். அதன் பிறகே அவ்வூர் மக்களுக்குக் கனிவர்க்கங்களைக் கேட்டார்கள். ஒன்றும் விளையாத ஊரில் நின்றுகொண்டு சோற்றுக்கு முன் பாதுகாப்பைக் கேட்பானேன் என்று ஆலிம்கள் விளக்குவார்கள். ஆனால் வியாபாரிக்கு அந்த விளக்கம் தேவையில்லை. வழியில் கொள்ளை இருந்தால் சரக்கு வருமா? சரக்கு வராத ஊரில் கனி ஏது? பயமில்லாத பாதை முதலில்; பழக்கூடை பிறகு.

குறைஷிகளோ நம்மைப் போல் வியாபாரிகள். குளிர்காலத்தில் ஒரு பயணம், கோடையில் ஒரு பயணம் என்று ஒட்டகங்களில் சரக்கேற்றிச் சென்றவர்கள். அவர்களுக்கென்று இறங்கிய சிறிய அத்தியாயத்தை நம் பிள்ளைகள்கூட மனப்பாடமாக ஓதுவார்கள். அல்லாஹ் அவர்களுக்கு இரண்டே நிஃமத்துகளை நினைவூட்டுகின்றான்: பசிக்கு உணவு கொடுத்தது ஒன்று, பயத்திலிருந்து அபயம் கொடுத்தது மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைத்திருக்கின்றான். காலையில் தன் இருப்பிடத்தில் பயமின்றி, உடல் நலத்தோடு, அன்றைக்கு வேண்டிய உணவோடு எழுந்தவனுக்கு உலகமே சேகரித்துக் கொடுக்கப்பட்டது போலாகும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பது திர்மிதியில் வருகின்றது. முதலாளி எழுந்தால் என்றோ, வீட்டுக்குச் சொந்தக்காரன் எழுந்தால் என்றோ அங்கே பிரிவு இல்லை. இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த இடத்துக்கு நாம் வரவேண்டியிருக்கின்றது.

பாதுகாப்புக்காக நாம் ஒன்றும் செலவழிப்பதில்லை என்று சொல்ல முடியாது. கடைக்கு இரும்புக் கதவு, அதற்குள் ஒரு மடக்குக் கதவு, கல்லாவுக்கு மேல் ஒரு கேமரா, வாசலுக்கு ஒரு கேமரா. சரக்குக்குத் தக்காஃபுல். வீடு புறநகரில், அங்கே நுழைவாயிலில் கம்பு போட்டுக் காவலாளி உட்கார்ந்திருப்பார், அதற்கு மாதந்தோறும் சந்தா. இதில் தவறு இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பூட்டாமல் போய்விட்டு அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பது தவக்குல் அன்று, சோம்பல்.

இப்படி மனிதர்கள் பயம் குறைவதற்கு எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பார்கள் என்பதையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கின்றவர்கள் இருக்கின்றார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் சமூகத்துப் பிள்ளை ஒருவர் இதை நமக்கு எடுத்துச் சொன்னார். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சுமார் 1300 பேரிடம் கேட்டார்களாம்: உங்கள் வட்டாரத்தில் இன்ன குற்றம் பத்தில் ஒரு பங்கு குறையும் என்றால், ஆண்டுக்கு இவ்வளவு தருவீர்களா என்று. வீடு புகுந்து திருடுதல், துப்பாக்கியைக் காட்டிப் பறித்தல் என்று வகை வகையாகக் கேட்டதில், ஒவ்வொரு வகைக்கும் குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 100 முதல் 150 டாலர் வரை தரச் சம்மதம் என்று பதில் வந்ததாம். திருடன் கொண்டுபோன பொருளின் மதிப்பை மட்டும் கூட்டினால் வரும் தொகையை விட இது மிகவும் அதிகம். ஏனென்றால் திருட்டுப் போகாதவனும் பயப்படுகின்றான். பயந்து வீட்டுக்குள் இருக்கின்றான். மகளை மாலை வகுப்புக்கு அனுப்பத் தயங்குகின்றான். அந்த நஷ்டமெல்லாம் போலீஸ் புகாரில் வராது. ஆகவே இந்தக் கணக்கு உண்மையான ஒன்றைக் காட்டுகின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம்.

ஆனால் அந்தக் கணக்கை நம் தெருவில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தோம். ஓர் இடத்தில் இடித்தது.

பினாங்கில் நம் கடைகளில் வேலை பார்க்கும் சிப்பந்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பெர்மிட்டில் வந்த பிள்ளைகள். கடையின் மாடியிலோ, பின்சந்து ஓர் அறையில் ஆறு பேரோடு ஏழாவது ஆளாகவோ படுக்கின்றார்கள். நாசி கண்டார் கடையில் வேலை என்றால் நள்ளிரவு தாண்டித்தான் கை கழுவுவார்கள். அந்தப் பிள்ளையிடம் போய், "தம்பி, இந்தச் சந்தில் வழிப்பறி குறைவதற்கு மாதம் எவ்வளவு கொடுப்பாய்?" என்று கேட்டால் என்ன சொல்லுவான்? ஊருக்கு அனுப்பியது போகக் கையில் இருப்பதைப் பார்த்து, "ஐந்து வெள்ளி தரலாம், முதலாளி" என்பான். அதே கேள்விக்கு முதலாளி 500 வெள்ளி என்று தாராளமாகச் சொல்லுவார். அப்படியானால் முதலாளியின் பயத்தில் நூறில் ஒரு பங்குதான் அவன் பயமா? இருட்டில் நடப்பவன் அவன். முதலாளியோ காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு போகின்றவர். கொடுக்கும் காசை வைத்துப் பயத்தை அளந்தால், அதிகம் பயப்படுகின்றவன் குறைவாகப் பயப்படுகின்றவனாகத் தெரிவான். அந்த அமெரிக்கக் கணக்கின் குறை இது என்று நாம் சொல்லவரவில்லை. படித்தவர்களுக்கு இது தெரிந்தே இருக்கும். நாம் நம் தெருவில் அப்படித்தான் அளந்துகொண்டிருக்கின்றோம் என்பதே நம் கவலை.

சென்ற ஆண்டு நம் வட்டாரத்தில் நடந்ததைச் சொல்லுகின்றோம். எந்தக் கடை, யார் என்பது வேண்டாம். ஒரு தம்பி இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, மறுநாள் காலையில் ஊருக்கு அனுப்பலாமென்று மடியில் கட்டிக்கொண்டு அறைக்குப் போனான். பின்சந்தில் இருவர் மறித்தார்கள். பணமும் போயிற்று, தோள்பட்டையிலும் அடி. விஷயம் கேள்விப்பட்ட முதலாளி, "இவ்வளவு காசை ஏன்டா கையில் வைத்திருந்தாய்?" என்று கேட்டார். மறுவாரம் அந்தக் கடையில் புதிதாக ஒரு கேமரா ஏறியது. எங்கே என்று நினைக்கின்றீர்கள்? கல்லாவுக்கு நேராக. பின்சந்து விளக்கு அன்றும் எரியவில்லை, இன்றும் எரியவில்லை.

இந்த இடத்தில் ஹலரத் உமர் (ரலி) அவர்களின் ஓர் இரவை நினைத்துப் பார்ப்போம்.

மதீனாவுக்கு வியாபாரிகள் கூட்டம் ஒன்று வந்து, ஊருக்கு வெளியே தொழுகைத் திடலில் இறங்கியது. சரக்கெல்லாம் திறந்த வெளியில். கலீஃபாவாக இருந்த உமர் (ரலி) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களைப் பார்த்து, இன்றிரவு இவர்களுக்குத் திருட்டுப் போகாமல் நாம் காவல் இருப்போமா என்று கேட்டார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் யார்? மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்திறங்கியபொழுது கடைத்தெரு எங்கே இருக்கின்றது என்று கேட்ட மனிதர், பெரும் வியாபாரி. ஆட்சித் தலைவர் ஒருவர், செல்வந்தர் ஒருவர். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாதவர்கள் அல்லர். இருவரும் இரவு முழுதும் விழித்திருந்து, காவலும் காத்து, நஃபிலும் தொழுதார்கள். கவனியுங்கள், அது அவர்களுடைய சரக்கன்று. வெளியூரான் சரக்கு.

அவ்விரவில் ஒரு குழந்தை அழும் குரல் கேட்டது. உமர் (ரலி) அவர்கள் போய்த் தாயிடம், குழந்தையைச் சமாதானப்படுத்தும்படி சொல்லிவிட்டு வந்தார்கள். மறுபடி அழுகை, மறுபடி போனார்கள். இரவின் கடைசியில் மூன்றாம் முறையும் அழுகை கேட்கவே, நீ என்ன தாய் என்று கடிந்துகொண்டார்கள். அவள் ஆளை அறியாமல் விஷயத்தைச் சொன்னாள்: பால் மறந்த குழந்தைக்கே உமர் படி கொடுக்கின்றார், ஆகவே இதற்குச் சீக்கிரமே பால் மறக்கப் பழக்குகின்றேன், இது மறுக்கின்றது என்று. அன்று ஃபஜ்ரு தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் ஓதியது அழுகையினால் மக்களுக்கு விளங்கவில்லை. ஸலாம் கொடுத்ததும், குழந்தைகளுக்கு அவசரப்பட்டுப் பால் மறக்கச் செய்யாதீர்கள், இனிப் பிறக்கின்ற ஒவ்வொரு குழந்தைக்கும் படி உண்டு என்று பறைசாற்றச் செய்தார்கள்.

இச்சரித்திரத்தை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கின்றோம். குழந்தைகள் மீது உமர் (ரலி) அவர்களுக்கு இருந்த இரக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லுவார்கள். நமக்கு வியாபாரி என்ற முறையில் வேறொன்று படுகின்றது. அவர்கள் காவலுக்குப் போனது திருடனைப் பிடிக்க. பிடித்ததோ ஒரு பசியை. இருட்டில் போய் நின்றதால்தான் அது காதில் விழுந்தது. வீட்டில் படுத்துக்கொண்டு கூலிக் காவலாளி ஒருவனை அனுப்பியிருந்தால், சரக்கு பத்திரமாக இருந்திருக்கும். குழந்தை அழுததைக் காவலாளி வந்து சொல்லியிருக்கமாட்டான். பஞ்ச காலத்தில் திருட்டுக்குக் கைவெட்டும் தண்டனையை நிறுத்தி வைத்தவர்களும் அதே உமர் (ரலி) அவர்கள்தாம். சரக்குக்குக் காவலும், பசித்தவனுக்குச் சோறும் அவர்களிடத்தில் ஒரே வேலையாக இருந்தன.

நம் பழைய பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம்: முன்பெல்லாம் சூலியா தெருவிலும் கடைத்தெருவிலும் கடை வாசல்களில் பஞ்சாபி ஜாகா கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். சில கடைக்காரர்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்வதும் உண்டு. அவர் காவல் காத்தது ஒரு கதவை மட்டுமன்று. அந்த வரிசை முழுவதும் அவர் இருமல் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கியது. இப்பொழுது கதவுக்குக் கதவு கேமரா. ஆனால் ஒரு கடையில் கனத்த பூட்டைப் போட்டால் திருடன் திருந்திவிடுவதில்லை, அடுத்த கடைக்குப் போகின்றான். அங்கேயும் பூட்டு என்றால் பின்சந்தில் நடந்து போகும் தம்பியிடம் போகின்றான். நாம் காசு கொடுத்து வாங்கியது பாதுகாப்பா, அல்லது ஆபத்தை அண்டை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் கூலியா? தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டான் அபயம் பெறாதவன் ஈமான் கொண்டவனல்லன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை சத்தியமிட்டுச் சொன்ன கருத்து புகாரியில் உள்ளது. நாம் தள்ளிவிட்ட தீங்கும் நம் தீங்கில் சேராதா என்பதை ஆலிம்களிடம் கேட்க வேண்டியிருக்கின்றது.

தனக்கு மட்டும் பாதுகாப்பைத் தேடினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இந்தப் பினாங்கே சாட்சி. 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜார்ஜ் டவுனில் பத்து நாட்கள் கலகம் நடந்தது. சீனர்களில் இரண்டு ரகசியச் சங்கங்கள் மோதின. ஆனால் அது சீனர் சண்டை என்று நாம் கைகழுவிவிட முடியாது. ஒரு பக்கத்தோடு வெள்ளைக்கொடிச் சங்கம் சேர்ந்தது, மற்றொரு பக்கத்தோடு சிவப்புக்கொடிச் சங்கம். அந்தக் கொடிச் சங்கங்களில் இருந்தவர்கள் மலாய்க்காரர்களும் நம் இந்திய முஸ்லிம்களும்தாம். ஆபத்தில் துணை, மையித்துக்கு உதவி என்பதற்காகவே பலர் அவற்றில் சேர்ந்தார்கள். பயத்துக்கு மருந்தாகச் சேர்ந்த சங்கமே பயமாகி, ஊர் எரிந்தது. அப்பொழுது சுட்ட பீரங்கியின் பெயர்தான் கேனன் தெருவுக்கு வந்தது என்று சொல்லுவார்கள். 1869இல் ஒரு சட்டம், பிறகு 1890இல் நடைமுறைக்கு வந்த சங்கச் சட்டம் என்று அரசாங்கம் அவற்றை அடக்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்றைக்குக் குண்டர் கும்பலுக்கு மாதம் ஒரு தொகையைக் கொடுத்து, "நம் கடைக்குத் தொந்தரவு வராது" என்று சொல்லுகின்ற சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அந்தத் தொகையில்தான் அடுத்த தெருவில் தொந்தரவு கொடுக்க ஆள் வைக்கின்றார்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்திருக்கின்றது. 1975இல் ருக்குன் தெத்தாங்கா வந்தபொழுது ஆண்கள் முறை வைத்து இரவு ரோந்து போனார்கள். 2012இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. சிங்கப்பூரில் 1983இல் தோபாயோவில் தொடங்கி, அக்கம்பக்கப் போலீஸ் நிலையங்களைக் குடியிருப்புகளுக்கு அடியிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். இங்கே 2004இல் தொடங்கிய பண்டார் செலாமாட் திட்டத்தில் நடைபாதைக்கும் சாலைக்கும் இடையில் தடுப்பு, விளக்கு, கேமரா என்று பல ஏற்பாடுகள் செய்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பை பறிப்பவனுக்கு அந்தத் தடுப்பு நல்ல இடைஞ்சல். 2009இல் இந்நாட்டில் பதிவான குற்றங்கள் 2 இலட்சத்துக்கும் மேல்; 2012இல் சுமார் ஒரு இலட்சத்து 53 ஆயிரம் என்று போலீஸ் கணக்குச் சொன்னது. ஆனால் அந்த ஆண்டு எந்தக் கடைக்காரரும் ஒரு பூட்டைக் கழற்றியதாக நமக்குத் தெரியவில்லை. கணக்கு இறங்கியது, பயம் இறங்கவில்லை. ஏனெனில் பயம் புள்ளி விவரத்தைப் பார்த்து வருவதன்று. எரியாத விளக்கையும், தெரியாத முகத்தையும் பார்த்து வருவது.

இன்னும் ஒன்று. கசப்பாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். திருட்டுப் பொருளை விற்க ஓர் இடம் இருப்பதால்தான் திருட்டு ஒரு தொழிலாக இருக்கின்றது. பாதி விலைக்குக் கைப்பேசி வருகின்றது. பெட்டி இல்லை, ரசீது இல்லை. வரி கட்டாத சிகரெட்டு பின்கதவால் வருகின்றது. பழைய செம்புக் கம்பி எடைக்கு வருகின்றது. வாங்கும் கடைக்காரர், "நான் திருடவில்லையே, காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்கின்றார். திருடிய பொருளென்று தெரிந்து வாங்குவது ஹராம் என்பதில் நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அப்படி வாங்கியவர் இஷாத் தொழுதுவிட்டு, ஊர் கெட்டுவிட்டது என்று பள்ளிவாசல் திண்ணையில் பேசுகின்றார். அவரே கடை வாசலில் நான்கு கேமரா வைத்திருக்கின்றார்!

சிப்பந்திகள் விஷயத்துக்கு மீண்டும் வருவோம். அடிபட்ட அந்தத் தம்பி போலீஸுக்குப் போகவில்லை. ஏன் என்று விசாரித்தோம். பாஸ்போர்ட்டு முதலாளியிடம் இருந்தது. புகார் கொடுக்கப் போய், கையில் தாள் இல்லை என்று தன்னையே பிடித்து வைத்துவிட்டால்? திருடனை விட மாத்தாவுக்கு அதிகம் பயப்படும்படி அந்தப் பிள்ளையை வைத்திருந்தது யார்? பிறருடைய பாஸ்போர்ட்டைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட்டுச் சட்டப்படி இந்நாட்டில் குற்றம். பத்திரத்துக்காக வைத்திருக்கின்றேன் என்று சொல்லுகின்ற சகோதரர்கள், ஒரு சிறிய பூட்டுப் பெட்டியை வாங்கி, சாவியை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடலாம். பெட்டி பெரிய விலையில்லை. சம்பளத்தைக் கையில் ரொக்கமாகத் திணிக்காமல் வங்கிக் கணக்கில் போடுவதும் அப்படித்தான். மடியில் காசில்லாதவனை மறித்து என்ன பயன்? கணக்குத் திறக்க முதலாளியின் கடிதம் கேட்பார்கள். அதை எழுதிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும்.

பின்சந்து விளக்கைப் பற்றி மாநகர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். எந்தக் கம்பம் என்று கேட்பார்கள். கம்பத்தில் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். எரியாத கம்பங்களின் எண்களை எடுக்க, வருகின்ற வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு நாம் சிலர் பள்ளிவாசல் வாசலிலிருந்து புறப்பட்டுச் சந்துகளில் நடப்பதாக இருக்கின்றோம். கைவிளக்கு இருக்கின்றவர்கள் கொண்டு வரவும். முதலாளிமார்கள் தாங்களே வர வேண்டுகின்றோம், சிப்பந்தியை அனுப்பிவைக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவர்களுக்குக் கடையில் வேலை இருக்கும்.